பிள்ளையிடம் பொய் சொல்லாமல் சோறூட்ட முடியுமா?

கேள்வி, 25 மே 2025

என் மகளுக்கு நான்கு வயது. இன்றுவரை அவளிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. பூச்சாண்டி வருவான், சாமி கண்ணைக் குத்தும் என்று மிரட்டிச் சோறூட்டுகிறவர்கள் பிள்ளையை வளர்க்கவில்லை, ஏமாற்றுகிறார்கள். ஒரே ஒரு வேளைச் சோற்றைப் பொய்யில்லாமல் ஊட்டிக் காட்டுங்கள் பார்ப்போம். (தஞ்சாவூர் வாசகர்)

25 மே 2025, இரவு 10.40

முடியாது.

25 மே 2025, இரவு 11.15

ஒற்றைச் சொல்லில் முடித்தது திமிராகத் தெரிகிறதாம். மனைவி சொல்கிறாள். விரிவாகவே எழுதுகிறேன்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மூத்தவளுக்கு ஏழரை வயது, மூன்றாம் வகுப்புக்குப் போகப்போகிறாள். சின்னவனுக்கு நான்கு. இன்று இரவு அவனுக்கு ஒரு கிண்ணம் ரசஞ்சோறு ஊட்ட நான் செலவழித்த பொய்களின் கணக்கு இது: பூச்சாண்டி ஒன்று, நிலா ஒன்று, 'இதுதான் கடைசி வாய்' ஏழு. கடைசி வாயைப் பொய்யில் சேர்க்கலாமா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. எங்கள் வீட்டில் அது ஓர் அளவை. ஒரு மாவுக்கு நூறு குழி என்பதுபோல, ஒரு சாப்பாட்டுக்கு ஏழு கடைசி வாய்.

சொன்ன பொய்களில் மிகவும் செலவு வைத்தது எது என்றால், கைப்பேசிக்குக் காய்ச்சல் என்று சொன்னதுதான். படம் பார்க்கக் கேட்டு அழுதான். தொட்டுப் பார், சுடுகிறது, காய்ச்சல், தூங்கட்டும் என்றேன். உண்மையிலேயே அப்போதுதான் மின்னூட்டம் போட்டு எடுத்திருந்தேன், சுட்டது. அவனும் தொட்டுப் பார்த்துவிட்டு மிகுந்த கவலையோடு போனான். அரை மணி கழித்து வந்து பார்த்தால், கைப்பேசியின் நெற்றியில் ஈரத்துணி. பிழிந்துகூடப் போடவில்லை. சரிசெய்ய 1,800 ரூபாய் ஆயிற்று.

அவனைத் திட்ட முடியவில்லை. சென்ற மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் செய்ததைத்தான் செய்திருக்கிறான்.

26 மே 2025

திருத்தம். 1,800 இல்லை, 2,300. மனைவியிடம் 1,800 என்று சொல்லியிருந்தேன். அவள் இதைப் படிப்பாள் என்பதால் நேற்று அதையே எழுதினேன். கடைக்காரர் காலையில் வீட்டுக்கே வந்து பாக்கி 500 கேட்டுவிட்டார். தஞ்சாவூர் வாசகர் கவனிக்கவும்: பிள்ளையிடம் மட்டும் பொய் சொல்கிறவன் என்று என்னைக் குறைத்து எடை போட வேண்டாம்.

29 மே 2025

நிலாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள் உண்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் பொது. கடைசி மூன்றுதான் மாறும். இதில் அம்புலிப் பருவம் பாடுவது கடினம் என்பார்கள். காரணம், நிலாவைக் குழந்தையோடு விளையாட வரும்படி நால்வகை உபாயத்தாலும் அழைக்க வேண்டும். முதலில் நீயும் இவனும் ஒன்று என்று சாமம். நீ தேய்கிறவன், உன்மேல் களங்கம் இருக்கிறது, இவனுக்கு அதெல்லாம் இல்லை என்று பேதம். வந்தால் இன்னது கிடைக்கும் என்று தானம். வராவிட்டால் நடப்பதே வேறு என்று தண்டம்.

எங்கள் அம்மா பாட்டில்லாமலே இந்த நான்கையும் கொல்லைப்புறத்தில் நின்று செய்துவிடுவார். 'நிலாவே, எங்கள் தங்கத்தைப் பார்க்க வாயேன். வரமாட்டாயா? போ, உனக்குச் சோறு கிடையாது.' முழுக்க முழுக்கப் பொய். இதையும் குற்றம் என்றால், புலவர் கூட்டத்தையும் எங்கள் அம்மாவையும் ஒரே வண்டியில்தான் ஏற்ற வேண்டும். அம்மா முன்னிருக்கை கேட்பார்.

2 ஜூன் 2025

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். சின்னவனை இன்று முதல்முதலாக அங்கன்வாடியில் விட்டேன். சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டான். வாசலிலேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டேன். இதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

3 ஜூன் 2025

எழுதிவிடுகிறேன். நேற்று அழைத்துவரப் போனேன். வெளியே வந்தவன் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கீழே குனிந்து என் முழங்காலைத் தடவிவிட்டு, "ரொம்ப நேரம் நின்றாயே, கால் வலிக்கிறதா அப்பா?" என்று கேட்டான்.

லேசாக வலிக்கிறது என்றேன். வேறு என்ன சொல்ல?

8 ஜூன் 2025

மூத்தவளுக்கு மேல்வரிசைப் பல் ஒன்று விழுந்தது. பால்பற்கள் மொத்தம் இருபது. முந்தையவை விழுந்தபோது பெரிய பேச்சில்லை. இந்த முறை அவளுக்கு அறிவு வந்துவிட்டது, அதுதான் தொல்லை.

எங்கள் பக்கம் விழுந்த பல்லைச் சாண உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறிவது வழக்கம். அப்படி எறிந்தால்தான் அடுத்த பல் முளைக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஓட்டு வீடாக இருந்தவரை எறிந்த பல் எங்கோ போய்ச் சொருகிக்கொள்ளும், கேள்வி கிடையாது. இப்போது மாடி வீடு. எறிந்த உருண்டை மொட்டைமாடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. மாலையில் போய் எடுத்து வந்துவிட்டாள். முளைவிடவில்லையாம்.

"நேற்றுத்தானே போட்டோம்?" என்றேன்.

"ஊறவைத்தாயா நீ?" என்றாள்.

இந்த வாரம்தான் குறுவைக்கு நாற்று விட்டோம். எங்களுக்கு ஆழ்துளைக் கிணறு இருப்பதால் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருக்கவில்லை. நெல் ரகம் கோ 51. விதையை ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு இன்னொரு நாள் மூட்டம் வைத்து, முளை கண்டபிறகு நாற்றங்காலில் தெளித்தோம். அத்தனையையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். காய்ந்த விதையை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு முளைக்கும் என்று உட்கார்ந்திருக்கும் அப்பனைப் பார்க்க அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பல் இப்போது சமையலறையில், எவர்சில்வர் டம்ளரில் ஊறுகிறது. அந்த டம்ளரில்தான் நான் காப்பி குடிப்பேன்.

9 ஜூன் 2025

பல்லை வடித்து, சாக்குத் துண்டில் கட்டி, வைக்கோலும் போட்டாகிவிட்டது. சின்னவன் காவல்.

15 ஜூன் 2025

மேட்டூர் அணையை வழக்கமான நாளான ஜூன் 12 அன்றே திறந்தார்கள். இன்று கல்லணை. தொலைக்காட்சியில் பூத் தூவுவதைக் காட்டினார்கள். "நம் ஊருக்கும் ஆறு வரும்" என்று சின்னவனிடம் சொன்னேன். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "தெரியும். ஐந்து முடிந்ததும் வரும்" என்றான்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. அங்கன்வாடியில் ஐந்துவரை எண்ணக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவனைப் பொறுத்தவரை ஆறு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அப்பா சொல்வதும் அதைத்தான். தினமும் சாயங்காலம் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிவிட்டு, வறண்டு கிடக்கும் வாய்க்காலை எட்டிப் பார்க்கிறான். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

வயலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் வரும் நாளைப் பற்றி இந்த ஊரில் ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். இவன் கணக்கும் அதோடு சேர்ந்துவிட்டது.

வாசகர் அவசரப்பட்டு என்மேல் பாய வேண்டாம். ஆறு வரும் என்றது பொய்யில்லை. மெய்யையே சொன்னாலும் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்போது வேறாகிவிடுகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

22 ஜூன் 2025

வந்துவிட்டது. விடியற்காலையில் அம்மாதான் முதலில் பார்த்தார். முதல் தண்ணீர் எப்போதும் போலத்தான்: நுரை, சருகு, மட்டை, யாருடையதோ ஒற்றைச் செருப்பு, அதற்குப் பின்னால் கலங்கலாக, அவசரமே இல்லாத நடை. சின்னவனைத் தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு போய் மதகில் நிறுத்தினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஆறு வந்துவிட்டது அப்பா."

"ஆமாம் சாமி."

"ஏழு எப்போது வரும்?"

அம்மா சிரித்த சிரிப்பில் வெற்றிலை வாய்க்காலில் விழுந்தது.

23 ஜூன் 2025

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. மூத்தவள் தம்பிக்கு விளக்கம் சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். ஆறு என்றால் எண்ணும் உண்டு, ஓடுகிற ஆறும் உண்டு, சூடு ஆறுவதும் உண்டு என்று சரியாகத்தான் போனாள். பால் ஆறட்டும் என்று தினமும் காலையில் நாங்கள் சொல்வது சின்னவனுக்கு நினைவு வந்து, அது எங்கே ஓடுகிறது என்று கேட்டான். வடக்கே பாலாறு என்றே ஒன்று இருக்கிறது என்று சொல்லாமல் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் பெரியது. நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு என்ற இடம் உண்டு. வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் இடம். மூன்று ஆறு, அதனால் மூணாறு. மூத்தவள் வாய்ப்பாடு படிக்கிற வேகத்தில், "மூவாறு பதினெட்டு! அதனால்தான் பதினெட்டாம் பெருக்கு!" என்று கத்தினாள்.

எனக்கு நாற்பது வயது. தலைப்பைத் தாண்டி ஆயிரம் முறை போயிருப்பேன். இது தோன்றவில்லை. தவறு என்று சொல்ல வாய் வரவில்லை, மறுத்தால் அந்த முகம் சுருங்கிவிடும். 'அப்படியும் இருக்கலாம்' என்றேன். இன்னொன்று கணக்கில் ஏறியது.

6 ஜூலை 2025

இது கொஞ்சம் வேறு மாதிரி.

முதல் குறிப்பில் ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். சின்னவன் சாப்பிடாதபோது பூச்சாண்டி பலிக்காவிட்டால் எடுக்கும் அடுத்த ஆயுதம், 'பூம்பூம் மாட்டுக்காரனிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்' என்பது. என் அப்பா என்னிடம் சொன்னது. நானும் யோசிக்காமல் சொல்லி வந்தேன்.

இன்று காலை உறுமிச் சத்தம் கேட்டது. சலங்கை, கொம்பில் துணி, முதுகில் பல வண்ணப் போர்வை என்று மாடு வாசலில் வந்து நின்றது. சின்னவன் ஓடி ஒளிவான் என்று பார்த்தால், நேராக அவர்முன் போய் நின்று, "நீங்கள்தான் பிள்ளை பிடிப்பவரா?" என்று கேட்டான்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவனிடம், "வீட்டில் எனக்கே நான்கு இருக்கிறது தம்பி. இன்னொன்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" என்றார்.

சின்னவன் விடவில்லை. மாட்டிடம் திரும்பி, "எங்கள் அப்பா பொய் சொன்னாரா?" என்று கேட்டான். மாடு ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டியது. அவர் சட்டென்று கயிற்றை ஏதோ செய்தார். மாடு இல்லை என்று பக்கவாட்டில் ஆட்டியது. "பாரு, இல்லை என்கிறது. உன் அப்பா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார்" என்றார்.

ஒரு மரக்கால் நெல்லும் ஒரு வேட்டியும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். என் மானத்தைக் காப்பாற்ற அந்த மாட்டையும் பொய் சொல்லவைத்துவிட்டோம். எத்தனை ஊரில், எத்தனை வாசலில், எத்தனை பிள்ளைகள் அவரைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பார்கள்? தஞ்சாவூர் வாசகரே, இந்த ஒன்றில் நீங்கள் சொன்னது சரி. மே மாதம் நான் அடித்த கேலியில் பாதியை எடுத்துக்கொள்கிறேன். பாதியைத்தான்.

13 ஜூலை 2025

சொன்ன பொய்களை எல்லாம் தினம் ஒன்றாகத் திரும்பப் பெறுவது என்று முடிவு செய்து ஒரு வாரம் ஆகிறது. நிலவரம்:

நிலா சோறு சாப்பிட வராது, அது ஏறத்தாழ 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்றேன். நீடாமங்கலத்திலிருந்து பஸ் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். "பாவம், அதனால்தான் நடந்து வருகிறது" என்றான்.

அங்கன்வாடி வாசலில் நான் நிற்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன். "தெரியும், ஆயா சொன்னார்கள். நீ உட்கார்ந்துகொள், நிற்க வேண்டாம்."

20 ஜூலை 2025

பல். மூத்தவளிடம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். பாப்பா, எறிந்த பல்லுக்கும் புதுப் பல்லுக்கும் சம்பந்தம் கிடையாது. புதியது ஏற்கெனவே ஈறுக்குள் இருக்கிறது, அது மேலே தள்ளுவதால்தான் பழையது ஆடி விழுகிறது. கண்ணாடியில் காட்டினேன். உண்மையாகவே அந்த இடைவெளியில் வெள்ளையாக ஒரு நுனி தெரிந்தது.

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். "சாக்கில் கட்டியது சாக்கிலேயே முளைக்காதா, வாயில் எப்படி முளைத்தது என்றுதானே கேட்கிறாய்?" என்றாள். நான் அப்படிக் கேட்கவே இல்லை. "நாற்று விடுகிற இடம் வேறு, நடுகிற இடம் வேறு அப்பா. உனக்குத் தெரியாதா?"

சென்ற மாதக் கடைசியில்தான் நாற்றுப் பறித்து நட்டோம். எனக்குத் தெரியாதா என்றால் தெரியும்தான்.

24 ஜூலை 2025

தஞ்சாவூருக்குப் போனபோது தலையாட்டி பொம்மை ஒன்று வாங்கி வந்தேன். அடியில் கனமாக உருண்டையாக இருக்குமே, தள்ளிவிட்டால் எழுந்து நிற்கும் வகை. சின்னவன் அதைத் தூங்கவைக்க இரவெல்லாம் முயன்றான். படுக்கவைப்பான், எழுந்து நிற்கும். போர்த்திவிடுவான், போர்வையோடு எழுந்து நிற்கும். இருட்டில் அவன் குரல் கேட்டது. அவன் குரல் இல்லை, என்னுடையது. அதே இழுப்பு, அதே அலுப்பு: "இதுதான் கடைசி. இப்போது படுக்காவிட்டால் அப்பா வாசலுக்குப் போய்விடுவேன்."

பூச்சாண்டியை அவன் பயன்படுத்தவே இல்லை. இது எனக்கு ஏன் என்று அப்போது புரியவில்லை.

30 ஜூலை 2025

தஞ்சாவூர் வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார். மனிதர் நேர்மையானவர், மறைக்கவில்லை. மகளுக்குத் தடுப்பூசி போட அழைத்துப்போனாராம். வலிக்குமா என்று கேட்டிருக்கிறாள். பொய் சொல்லக் கூடாது, அதே சமயம் மிரளவும் வைக்கக் கூடாது என்று, "எறும்பு கடிப்பதுபோல இருக்கும்" என்றாராம். ஊசி போட்டு வந்த நாளிலிருந்து அவள் எறும்பைக் கண்டால் வீறிட்டு அழுகிறாளாம். வீடு முழுக்கச் சர்க்கரை டப்பாக்களைத் தூக்கி உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

வருக என்று மட்டும் எழுதினேன்.

3 ஆகஸ்ட் 2025

பதினெட்டாம் பெருக்கு. ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்ததால் ஆற்றங்கரையில் கால் வைக்க இடமில்லை. அம்மா காதோலை, கருகமணி, காப்பரிசி எல்லாம் வைத்துப் படைத்தார். மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள வரிசை. பிள்ளைகள் எல்லோரும் சப்பரம் இழுத்து வந்தார்கள். சின்னவனுக்கு ஆசாரியிடம் சொல்லிச் செய்த சிறு தேர். பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குப் பத்தாவது பருவம் சிறுதேர்தான், அத்துடன் பாட்டு முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன என்று எந்தப் புலவரும் சொல்லவில்லை.

தேருக்குள் சாமி படத்துக்குப் பக்கத்தில் அக்காவின் பல், சாக்குத் துண்டோடு. வேலை முடிந்த விதையாம். ஆற்றில் விடப் போனார்கள். அம்மா தடுக்கப் போனார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

4 ஆகஸ்ட் 2025

மிச்சம் இருந்த காப்பரிசியை ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருந்தோம். காலையில் டப்பா காலி. சின்னவன் கன்னத்தில் வெல்லம்.

"யார் தின்றது?"

"பூச்சாண்டி."

பட்டியலில் திரும்பப் பெறாமல் விட்டிருந்தது அது ஒன்றுதான். இதுதான் நேரம் என்று நினைத்து, சற்று உரக்கவே சொன்னேன்: "பூச்சாண்டி என்று ஒருவனே கிடையாது. நான்தான் உன்னைச் சாப்பிடவைக்கச் சொன்னேன்."

ஓடி வந்து என் வாயைப் பொத்தினான். கையெல்லாம் பிசுபிசுப்பு. கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, காதருகே வந்து, "மெதுவாகப் பேசு அப்பா. அவனுக்குக் கேட்டால் அழுவான்" என்றான்.

4 ஆகஸ்ட் 2025, இரவு 9.30

இன்று இரவு ஒரு பொய்யும் இல்லாமல் முழுக் கிண்ணமும் சாப்பிட்டான். கடைசி வாய் ஒன்றே ஒன்றுதான், அதையும் தின்னவில்லை. கையில் வாங்கிக்கொண்டு போய் உருண்டையாகப் பிடித்து, கொல்லை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்து படுத்துவிட்டான். எறும்பு வந்துவிட்டது. எடுத்துப் போடு என்கிறாள் மனைவி. நீயே எடு என்கிறேன். பத்து நிமிடமாக இருவரும் ஜன்னல் அருகில் நிற்கிறோம்.